அம்பாசடரின் உள்ளறைகள்: கண்ணுக்குத் தெரியாத இரும்பின் வரலாறு

2014ஆம் ஆண்டு மே மாதம், மேற்கு வங்கத்தின் ஊக்ளி மாவட்டத்தில் உள்ள உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் காரின் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியச் சாலைகளை ஆண்ட ஓர் ஊர்தியின் புதிய உடற்கூடு அன்றோடு பிறப்பதை நிறுத்திவிட்டது. எஞ்சின் பழுதுபட்டால் வேறொன்றைத் தேடிப் பொருத்தலாம். கண்ணாடி உடைந்தால் வெட்டி வாங்கலாம். உடற்கூடு அத்தகையதன்று. இன்று எஞ்சியிருப்பவை மட்டுமே இனி இருக்கும். அவற்றின் ஆயுளை முடிவு செய்வது பளபளக்கும் வெளிப்பூச்சு அன்று. எவர் கண்ணிலும் படாத உள்ளறைகளின் தகடே.

இதன் காரணம் கார் வடிவமைப்பின் வரலாற்றில் இருக்கிறது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கிய காலத்தில், கார் என்பது இரு பகுதிகளாலானது: கீழே கனத்த இரும்புச் சேஸிஸ், அதன்மேல் அமர்த்தப்பட்ட உடல். பாரம் முழுவதையும் சேஸிஸ் சுமந்தது. மேலுடல் துருப்பிடித்தாலும் வண்டி நின்றுவிடாது; உடலைக் கழற்றி வேறோர் உடலை ஏற்றவும் முடிந்தது.

ஐரோப்பாவில் வேறொரு சிந்தனை வளர்ந்துகொண்டிருந்தது. இத்தாலியின் லான்சியா 1922இல் லாம்டா காரிலும், பிரான்சின் சித்ரோயன் 1934இல் தன் முன்சக்கர இயக்கக் காரிலும் தனிச் சேஸிஸைக் கைவிட்டன. மெல்லிய தகடுகளை வளைத்து, ஒன்றோடொன்று புள்ளிப் பற்றவைப்பால் இணைத்து, உள்ளீடற்ற பெட்டிகளாக்கினால் உடலே பாரத்தைத் தாங்கும். எடையும் குறையும், இரும்பும் மிச்சமாகும். மோனோகாக் எனப்படும் இம்முறையில் அமைந்ததே 1956இல் பிரிட்டனில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசைக் கார். அதுவே உத்தரபாராவில் அம்பாசடர் ஆயிற்று. பம்பாய் குர்லாவில் உருவான ஃபியட் 1100, பின்னாளில் பிரீமியர் பத்மினி எனப் பெயர்பெற்றது, அதுவும் இவ்வகையே.

மிச்சமான இரும்புக்கு ஒரு விலை இருந்தது. கதவுகளுக்குக் கீழே நீளும் பெட்டிக்குழல், தரைத்தகட்டின் குறுக்குச் சட்டங்கள், பின்புற வில்பட்டைகள் வந்து சேரும் இடங்கள் ஆகியவையே காரின் முதுகெலும்பு. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உடைய தகட்டாலான அந்த முதுகெலும்பின் உட்புறத்தைத் தூரிகை எட்டுவதில்லை.

அங்கே நிகழ்வதை அறிவியல் முன்னரே விளக்கியிருந்தது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் இவான்ஸ், 1920-களில் ஒரு விந்தையை நிறுவினார். ஈரம் படிந்த இரும்பில், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் பகுதியைவிட, ஆக்சிஜன் குறைந்த ஒடுங்கிய பகுதியே அரிக்கப்படுகிறது. இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பு அத்தகைய இடமே. அங்கு உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு மடிப்பைப் பிளக்கிறது. பிளவில் மேலும் நீர் புகுகிறது. 1930-களில் வெர்னான் என்ற ஆய்வாளர், காற்றில் கந்தக டை ஆக்சைடின் சுவடு இருந்தால், ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்ததும் அரிப்பு திடீரென விரைவடைவதைக் காட்டினார். கொல்கத்தாவிலும் மும்பையிலும் பருவமழைக் காலம் முழுவதும் காற்று அந்த எல்லைக்கு மேலேயே நிற்கிறது. மும்பையில் கடலின் உப்பும் சேர்கிறது.

உலகம் இதற்கு மாற்று கண்டது, ஆனால் காலந்தாழ்ந்து. உடற்கூட்டை வண்ணக் குளத்தில் அமிழ்த்தி, மின்னோட்டத்தின் துணையால் உள்ளறைகளிலும் பூச்சைப் படியவைக்கும் முறையை 1960-களில் ஃபோர்டு நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1976ஆம் ஆண்டின் 911 மாடலில் போர்ஷே துத்தநாகம் பூசிய தகடுகளைப் பயன்படுத்தியது. அம்பாசடரின் வடிவம் இவை அனைத்திற்கும் மூத்தது.

ஆகவே காக்கும் பொறுப்பு உரிமையாளரிடமும் பட்டறைகளிடமும் வந்து சேர்ந்தது. அடிப்புறத்தில் தார் பூசினர். கழிவு எஞ்சின் எண்ணெயை டீசலில் கலந்து பீய்ச்சினர். ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி அப்பி வண்ணம் அடித்தனர். எண்ணெய் ஓரளவு உதவியது, ஆனால் வழிந்து போயிற்று. தார் நாளடைவில் இறுகி வெடித்து, விரிசலுக்குள் புகுந்த நீரை வெளியேறவிடாமல் சிறைப்படுத்தியது. பட்டியோ நோயை மறைத்ததே அன்றித் தீர்க்கவில்லை. காப்பதாக நம்பப்பட்ட பூச்சே பல கார்களின் அழிவை மறைத்து நின்றது.

2021இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் ஊர்திகளுக்கெனத் தனி விதி வகுத்தது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத ஊர்திகளே அத்தகுதியைப் பெறும். மோனோகாக் காரில் உடற்கூடுதான் சேஸிஸ். எனவே சட்டம் கேட்கும் அசல்தன்மை, மறைந்திருக்கும் அந்தத் தகட்டிலேயே குடியிருக்கிறது.

அதைக் காக்கும் வழி இன்று எட்டாததன்று. முதலில் உள்ளறைகளின் வடிகால் துளைகளை அடைப்பின்றித் திறக்கவேண்டும். துருவையும் சேற்றையும் அகற்றவேண்டும். மெல்லிய குழாய் கேமராவைச் செலுத்தி உட்புறத்தைக் காணலாம். பற்றவைப்பு வேலை இருந்தால் அதை முன்னரே முடித்துவிடவேண்டும். மெழுகு பூசிய பின் நெருப்பு ஆகாது. பிறகு கோடையின் உலர்ந்த நாட்களில், பருவமழைக்கு முன்பாக, நாற்புறமும் தெளிக்கும் நீண்ட முனையால் உள்ளறைகளுக்கான மெழுகைச் செலுத்தவேண்டும். இறுகி வெடிக்காத அம்மெழுகு மடிப்புகளுக்குள் தானே ஊர்ந்து சென்று, நீரையும் காற்றையும் இரும்பிலிருந்து பிரித்துவைக்கிறது. துளைகள் மீண்டும் அடைபடவில்லை என உறுதிசெய்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்கவேண்டும்.

2023 அக்டோபர் இறுதியில், 20 ஆண்டு வயதுவரம்பின்படி மும்பையின் கடைசி பத்மினி டாக்சி சாலையை விட்டு நீங்கியபோது நகரமே அதற்கு விடைகொடுத்தது. கொட்டகைகளில் நிற்கும் கார்களுக்கு அவ்வாறு நாள் குறிக்கப்படுவதில்லை. பளபளப்பான வண்ணத்தின் பின்னே, ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிது சிறிதாக அவை கரைகின்றன. அவற்றைக் காக்க விரும்புவோர் முதலில் குனிந்து அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும்.