பாரந்தூக்கி நின்ற நிலம்

சென்னையிலிருந்து ரயிலேறி ஹௌராவில் இறங்கும் நம்மவர் ஹூக்ளி ஆற்றின்மேல் ஓங்கி நிற்கும் எஃகுப் பாலத்தைக் காணாதிருத்தல் அரிது. 1943இல் திறக்கப்பெற்ற அப்பாலம் ஏறத்தாழ 26,500 டன் எஃகினால் ஆனது. அவ்வெஃகைத் தூக்கி இணைத்த பாரந்தூக்கிகள் தரையில் நின்றவை அல்ல. இரு கரைகளிலிருந்தும் பாலத்தின் மேல்விளிம்பிலேயே ஊர்ந்து நடுவாற்றை நோக்கி முன்னேறியவை. ஆகவே தூக்கியின் பாரமும் எஃகின் பாரமும் பெரும்பாலும் கோபுரங்களின் அடியிலுள்ள நிலத்தையே சேர்ந்தன. அந்நிலமோ ஆற்று வண்டல்!

எனவே பொறியாளர் முதலில் மண்ணைக் கவனித்தனர். 21 கிணறுகள் கொண்ட, அடித்தட்டில்லாப் பெரும்பெட்டிகளை நிறுவி, உள்ளிருந்த சேற்றை அகழ அகழக் கீழே இறக்கினர். கல்கத்தாக் கரையில் மணல் ஓடி வந்தமையால், அழுத்தக் காற்றைச் செலுத்தி அதனைத் தடுத்தனர். அக்காற்றினுள்ளேயே தொழிலாளர் மண் வெட்டினர். உடலை வருத்தும் வேலை அது. பாலத்தைப் புகழ்வோர் அவர்களை நினைப்பது குறைவு.

ஒருமுறை அடிமண் திடீரென நெகிழ, பெட்டி முழுவதும் இரண்டடி கீழே வீழ்ந்தது. கித்திர்ப்பூரிலிருந்த நிலநடுக்கமானி அதனைப் பூகம்பமெனப் பதிவு செய்தது. கரையிலிருந்த கோயிலொன்று இடிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பெற்றது. மேலே தூக்கிகள் ஊரும் வேளையில் இது நேர்ந்திருந்தால்? கல்கத்தாப் பக்கத்துப் பெட்டி 103 அடி ஆழத்தில் நிலைகொண்டது. தூக்கிகள் மேலேறியது அதன் பின்னரே.