லுண்ட் நகரத்து முயல்கள்

நம் நாட்டு வைத்தியர்கள் சித்தப்பிரமைக்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த சர்ப்பகந்தியின் வேரிலிருந்து, 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்துச் சீபா கம்பெனியைச் சேர்ந்த இரசாயன நிபுணர்கள் ரிசர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இரத்தக் கொதிப்பைத் தணிக்கவும் சித்தம் கலங்கியோரைச் சாந்தப்படுத்தவும் பயன்பட்ட அம்மருந்தைச் செலுத்திய பிராணிகள் அசைவற்றுக் கிடப்பதையும், அவற்றின் மூளையில் செரட்டோனின் என்னும் இரசாயனம் வற்றிவிடுவதையும் 1955-இல் அமெரிக்காவில் பிராடியின் குழுவினர் கண்டு, இரண்டையும் காரண காரியமாக இணைத்தனர்.

பிராடியிடம் சில மாதங்கள் பயின்று ஸ்வீடனின் லுண்ட் சர்வகலாசாலைக்குத் திரும்பிய ஆர்விட் கார்ல்சனோ, செரட்டோனினோடு நாரட்ரினலின் என்னும் மற்றோர் இரசாயனமும் மூளையை விட்டு நீங்குவதைக் கண்டு, எதன் இழப்பால் இந்த ஸ்தம்பிதம் என்று ஐயுற்றார். இரத்தத்தில் கலந்த நாரட்ரினலின் மூளைக்குள் நுழையாதாகையால், அது எதிலிருந்து உண்டாகிறதோ அந்த டோபாவை, ரிசர்ப்பினால் காதுகள் தொங்கக் கிடந்த முயல்களுக்குச் செலுத்தினார்; சிறிது நேரத்தில் அவை காதுகளை நிமிர்த்தி, எழுந்து, ஒன்றுமே நடவாததுபோல் உலவத் தொடங்கின. செரட்டோனினின் மூலப்பொருளைச் செலுத்தியபோது இந்த அற்புதம் நிகழவில்லை. இது 1957-இல் வெளியாயிற்று.

வேறொருவராயிருந்தால் முயல் எழுந்த களிப்பிலேயே கணக்கை மறந்திருப்பார். கார்ல்சன் அளந்து பார்த்தார். எழுந்து உலவிய பிராணிகளின் மூளையில் நாரட்ரினலின் திரும்பியிருக்கவில்லை! எந்தச் சித்தாந்தத்தை நம்பி மருந்து செலுத்தப்பட்டதோ அது பொய்த்து, மருந்து மட்டும் பலித்திருந்தது. என் மதிப்பில், அந்த முயல்கள் எழுந்ததைவிட இந்தக் கணக்குப் பிசகியதே பெரிய நிகழ்ச்சி. ஏனெனில், டோபாவுக்கும் நாரட்ரினலினுக்கும் நடுவே ஓர் இடைப்படி என்று மட்டும் கருதப்பட்ட டோப்பமீனை அவர் கவனிக்க நேர்ந்தது அதனால்தான். மூளையில் அது இயல்பாகவே இருப்பதையும், ரிசர்ப்பினால் மறைந்து டோபாவால் மீள்வதையும் 1958-இல் அவர் நிரூபித்தார்; அவருடைய மாணவர்களான பெர்ட்லரும் ரோசங்கிரனும், அசைவை ஆளும் ஸ்டிரையேட்டம் என்ற பகுதியிலேயே அது திரண்டிருப்பதை மறு ஆண்டில் காட்டினர்.

இத்தனைக்கும் பிறகு 1960-இல் லண்டனில் கூடிய சபையில் மூத்த மேதைகள், மூளையில் டோப்பமீனுக்கு இப்படியொரு வேலை உண்டு என்பதை ஏற்கத் தயங்கினார்கள். உடலின் நரம்புகள் இரசாயனத்தால் பேசுகின்றன என்று காட்டி நோபல் பரிசு பெற்ற சர் ஹென்றி டேலும் அவர்களில் ஒருவர் என்பது விசித்திரந்தான். அதே ஆண்டு வியன்னாவில் ஹோர்னிகீவிச், அசைவை முடக்கும் பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் ஸ்டிரையேட்டத்தில் டோப்பமீன் பெரிதும் குன்றியிருப்பதைக் கண்டார். 1961-இல் அங்கேயே நோயாளிகளுக்கு டோபா செலுத்தப்பட்டது.

ஸ்டாக்ஹோமில் உங்கர்ஸ்டெட் 1970 வாக்கில் எலிகளின் மூளையில் ஒரு பக்கத்து டோப்பமீன் நரம்புகளை மட்டும் அழித்துப் பார்த்தார். டோப்பமீனை வெளியேற்றும் ஆம்ஃபெட்டமினைக் கொடுத்தால், சுரக்க வல்ல பக்கம் ஒன்றேயாதலால், எலி பழுதுபட்ட பக்கம் நோக்கிச் சுழன்றது. டோபாவைக் கொடுத்தால், பட்டினி கிடந்த பக்கமே டோப்பமீனுக்கு மிகுதியாக இசைந்ததால், எதிர்ப்புறம் சுழன்றது. அச்சுற்றுகளை எண்ணவே அவர் ஒரு யந்திரம் அமைத்தார்; பார்க்கின்சன் நோய்க்கான புதிய மருந்துகளைச் சோதிப்போர் அம்முறையைப் பின்னும் வெகுகாலம் கைக்கொண்டனர்.