நன்னீர்த் திருக்கைத் தொட்டியின் நீர் வேதியியல்

வளர்ப்பு மீன் வணிகத்தில் நன்னீர்த் திருக்கைகள் எனப்படுபவை, பெரும்பாலும் தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் பொட்டமோடிரைகோனிடே குடும்பத்தைச் சேர்ந்த குருத்தெலும்பு மீன்கள் ஆகும். அமேசான், ஒரினோகோ, பரனா ஆகியவற்றின் ஆற்றுப்படுகைகள் இவற்றின் தாயகம். 1841 இல் விவரிக்கப்பட்ட மோட்டோரோ திருக்கை, பிரேசிலின் சிங்கு ஆற்றுப்படுகைக்கு உரிய கருந்திருக்கை ஆகியன தொட்டிகளில் அதிகம் காணப்படுகின்றன. இவற்றை வளர்ப்பதில் நேரும் இழப்புகளில் பல, நீரின் அம்மோனியா அளவும் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச் மதிப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைக் கவனியாமல் விடுவதால் ஏற்படுகின்றன.

உடலியல் பின்னணி

கடலில் வாழும் திருக்கைகளும் சுறாக்களும் யூரியாவைக் குருதியில் பெருமளவு தேக்கி வைத்து, கடல்நீரின் உப்புச் செறிவை ஈடுசெய்கின்றன. தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கைகளின் குருதியில் யூரியா மிகக் குறைவாகவே உள்ளது என்பதைத் தாமசு தோர்சன் குழுவினர் 1967 இல் வெளியிட்டனர். இவை நைட்ரசன் கழிவை முதன்மையாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகின்றன.

இவை புலால் உண்ணிகள். 100 கிராம் மீன் இறைச்சியில் ஏறத்தாழ 18 கிராம் புரதமும், அப்புரதத்தில் சுமார் 3 கிராம் நைட்ரசனும் அடங்கியுள்ளன. வளர்ச்சிக்குப் பயன்பட்டது போக எஞ்சிய நைட்ரசன் தொட்டி நீரையே சேரும். வட்டின் அகலம் அரை மீட்டரை எட்டக்கூடிய ஒரு விலங்கு சிறிய தொட்டியில் நிலைக்காததற்கு, இடநெருக்கடியைப் போலவே இக்கணக்கும் ஒரு காரணமாகும்.

அம்மோனியாவும் பி.எச் மதிப்பும்

நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கின்றது. அயனியாகாத அம்மோனியா செவுள்களை எளிதில் ஊடுருவும் நஞ்சு ஆகும். அம்மோனியம் அயனியின் தீங்கு அதனினும் மிகக் குறைவு. 25 பாகை செல்சியசில், பி.எச் 6 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் சுமார் 0.06 விழுக்காடே நச்சு வடிவில் இருக்கும். பி.எச் 7 இல் இது சுமார் 0.6 விழுக்காடு, 8 இல் சுமார் 5 விழுக்காடு. அதாவது பி.எச் ஓர் அலகு உயரும்போது நஞ்சு ஏறத்தாழ பத்து மடங்காகின்றது. வெப்பநிலை உயர்ந்தாலும் நஞ்சின் பங்கு கூடும்.

கடைகளில் கிடைக்கும் சாதாரணச் சோதனைப் பெட்டிகள் இரு வடிவங்களின் மொத்தத்தையே காட்டுகின்றன. ஆகவே பி.எச் மதிப்பையும் வெப்பநிலையையும் அறியாமல் அந்த எண்ணை மட்டும் கொண்டு எம்முடிவுக்கும் வர இயலாது.

காரத்தன்மை தீர்ந்துபோதல்

வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்கு முன் திருக்கையை விடுதல் கூடாது.

இம்மாற்றம் அமிலத்தை உண்டாக்குகின்றது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரசன் மாற்றப்படும்போது, கால்சியம் கார்பனேட்டு அளவில் சுமார் 7 கிராம் காரத்தன்மை செலவாகின்றது. 1000 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு கிராம் நைட்ரசன் சேர்ந்தால், லிட்டருக்கு 7 மில்லிகிராம் வீதம் காரத்தன்மை குறையும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் மட்டுமே கொண்ட மென்னீர் ஒரு வாரத்தில் தன் தாங்குதிறனை இழந்துவிடும். பின்னர் பி.எச் சரிகின்றது, நுண்ணுயிர்களின் செயற்பாடு தளர்கின்றது, அம்மோனியம் குவியத் தொடங்குகின்றது. நீர் அமிலமாக இருப்பதால் திருக்கை வழக்கம்போல் உணவு உண்ணக்கூடும். நீர் தெளிவாகவும் தோன்றும்.

நீர் மாற்றத்தின் ஆபத்து

இந்நிலையில் உள்ள தொட்டிக்குப் பி.எச் 8 கொண்ட குழாய்நீரைப் பெருமளவில் சேர்ப்பதே மிகக் கொடிய தவறாகும். நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதால் இது அடிக்கடி நிகழ்கின்றது. எடுத்துக்காட்டாக, பி.எச் 6 இல் மொத்த அம்மோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம் உள்ள தொட்டியில் நச்சு அம்மோனியா சுமார் 0.002 மில்லிகிராமே. பாதி நீரை மாற்றி மொத்தத்தை 2 மில்லிகிராமாகக் குறைத்தாலும், பி.எச் 8 ஐ நெருங்கினால் நச்சு வடிவம் சுமார் 0.1 மில்லிகிராமாக, அதாவது ஏறத்தாழ ஐம்பது மடங்காக உயர்ந்துவிடும்.

எனவே நீரை மாற்றுமுன் தொட்டி நீரையும் புதுநீரையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். குழாய்நீரில் கரைந்துள்ள கரியமில வாயு வெளியேறியபின் பி.எச் மாறுமாதலால், ஒருநாள் காற்றூட்டிய நீரையே சோதிப்பது நல்லது. வேறுபாடு பெரிதாயின் உணவை நிறுத்தி, அம்மோனியாவைப் பிணைக்கும் கரைசலைச் சேர்த்து, பத்தில் ஒரு பங்கு போன்ற சிறிய அளவுகளில் நீரை மாற்றிக் காரத்தன்மையை மெல்ல உயர்த்தலாம். ரியோ நெக்ரோவின் கருநீர் இயல்பாகவே மிகுந்த அமிலத்தன்மை உடையது. ஆயினும் ஆற்றின் எண்ணைத் தொட்டியில் கொண்டுவர முயல்வதைவிட, மாறாத ஒரு மதிப்பைப் பேணுவதே பயன் தரும்.

பயணப் பையில் வந்த திருக்கைக்கும் இதே விதி பொருந்தும். பையில் கரியமில வாயு தேங்குவதால் நீர் அமிலமாகி, குவிந்த அம்மோனியா அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறிப் பி.எச் உயர்கின்றது. அதே நீரில் பல மணிநேரம் சொட்டுச்சொட்டாகப் புதுநீர் விட்டுக் காத்திருப்பது திருக்கையை நஞ்சில் வைத்திருப்பதற்கு ஒப்பாகலாம்.

பிற வேதிப்பொருட்கள்

குளோரின் காற்றூட்டலால் நீங்கும். குளோராமின் எளிதில் நீங்காது. சோடியம் தயோசல்பேட்டு குளோராமினைச் சிதைக்கும்போது அம்மோனியா விடுபடுவதையும் கருத்திற் கொள்ள வேண்டும். நைட்ரைட்டு குருதியின் ஆக்சிசன் கடத்தும் திறனைக் கெடுக்கின்றது. குளோரைடு குறைந்த மென்னீரில் இதன் தாக்கம் மிகுதி. ஒட்டுண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள செம்பைத் திருக்கைகள் தாங்குவதில்லை. அமில மென்னீரில் செம்பின் நச்சுத்தன்மையும் கூடுகின்றது.

அறிகுறிகளும் பாதுகாப்பும்

விரைவான மூச்சு, உணவை மறுத்தல், வட்டின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளுதல் ஆகியன நீர் கெட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். சுருளுதல் தோன்றியபின் மீள்வது அரிது. வால் முள் நஞ்சுடையது. மணலில் புதைந்திருக்கும் திருக்கை கண்ணுக்குத் தெரியாது. நீர் மாதிரி எடுக்கும்போதும் அடித்தளத்தைத் துப்புரவு செய்யும்போதும், அது எங்குள்ளது என்பதை உறுதிசெய்த பின்னரே கையை விடவேண்டும். குத்துப்பட்டால் தாமதமின்றி மருத்துவரை நாடுதல் அவசியம்.

2022 இல் பனாமாவில் நடைபெற்ற சைட்டிசு மாநாட்டில் கருந்திருக்கை உட்பட இப்பேரினத்தின் ஏழு இனங்கள் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. இதனால் அவற்றின் பன்னாட்டு வணிகத்திற்கு உரிமச் சான்று தேவை.