பேர் போகலாம், கை போகுமா?

ஒரு பத்திரிகை கைமாறினா வாசகன் யார் பின்னாடி போவான்?

நம்ம 'டிஜிட்'டையே எடுத்துக்கோங்க. ஜெர்மன் 'சிப்' இதழோட இந்தியப் பதிப்பை நடத்தின ஜசுபாய் நிறுவனம், 2001 ஜூன்ல அதை 'டிஜிட்'னு மாத்துச்சு. 2007 கடைசியில 'டிஜிட்' 9.9 மீடியா கைக்குப் போச்சு. முதல் தடவை பேர் மாறிச்சு, அடுத்த தடவை முதலாளி. நெட் மெதுவா வந்த திருப்பத்தூர், வாணியம்பாடி பக்கம் கேம் டெமோ கிடைச்சதே கூட வர்ற டிஸ்க்லதான். அதனால வாசகனுக்கு முதலாளி யாருங்கறதை விட, டிஸ்க் வருமாங்கறதுதான் கேள்வி.

அதே 2007-ல அமெரிக்காவுல பெரிய கலாட்டா. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கான 'டிராகன்' இதழ் 1976-லிருந்து வந்துட்டு இருந்தது. 2002-லிருந்து உரிமம் வாங்கி அச்சிட்டது பைசோ. உரிமையாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அதைப் புதுப்பிக்கல. 359-வது இதழோட அச்சு நின்னுச்சு. ரசிகர்கள் கொதிச்சாங்க.

ஆனா விளையாட்டோட அடிப்படை விதிகள் 2000-லேயே திறந்த உரிமத்துல வந்திருந்தது. பைசோ அதை நம்ம பாஷையில 'ஃபோர்க்' பண்ணி, 2009-ல 'பாத்ஃபைண்டர்' கொண்டு வந்துச்சு. 2008-ல வந்த நாலாம் பதிப்பு பிடிக்காத நிறைய பேர் அந்தப் பக்கம் போனாங்க.

எப்படிப் போக முடிஞ்சது? விதிகள் திறந்திருந்தது, எழுதினவங்க பேரும் இதழ்ல அச்சாகி இருந்தது. ஆம்பூர்ல தைக்கிற ஷூவுல வெளிநாட்டு பிராண்டோட பேர் மட்டும்தான். ஆர்டர் வேற ஊருக்குப் போனா, போட்டு நடந்தவனுக்கு யாரைத் தேடறதுன்னே தெரியாது.