பனி பார்க்காத பால்

சுசீந்திரத்தில் பனி என்றால், மார்கழி விடியலில் பழையாற்றுக்கு இருபுறமும் வயலின்மேல் படுத்துக் கிடக்கும் வெள்ளைப் புகைதான். வெயில் ஏறினால் கலைந்துவிடும். தாணுமாலயன் கோயில் திருவிழாவுக்கு அதிகாலையில் வருகிறவர்கள் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரிந்த குளிர்காலம் அவ்வளவே. அக்கா மகன் கனடாவில் மாண்ட்ரியலுக்குக் குடிபோன பிறகுதான், அதே பனியில் முழங்கால் புதையும் என்பதும், அது மாதக்கணக்கில் கிடக்கும் என்பதும் எங்கள் வீட்டுப் பேச்சுக்குள் வந்தன.

ஐப்பசி மாதம், இங்கே அடைமழை. இரவு ஒன்பது மணிக்கு அவன் வீடியோவில் கூப்பிட்டான். மடியில் ஒரு புது டயர்.

"மாமா, இதப் பாருங்க."

கட்டைவிரல் நகத்தை டயரின் மேல்பரப்பில் வைத்து அழுத்தினான். நகம் பதிந்தது. எடுத்ததும் தடம் மெல்ல மறைந்தது. "நம்ம ஊரு ஒட்டுப்பால் மாதிரி இருக்குல்லா?"

ஒட்டுப்பால் என்று அவன் சொன்னதில் எனக்கு ஒரு சிலிர்ப்பு. பால்வெட்டு முடிந்தபின் மரத்தின் வெட்டுவாயிலும் சிரட்டையிலும் உறைந்து நிற்கும் ரப்பர் அது. சுசீந்திரம் வயல்காடு, இங்கே ரப்பர் கிடையாது. ஆனால் வடமேற்கே குலசேகரம், அருமனை, கீரிப்பாறை என்று மலையடிவாரம் முழுக்க ரப்பர்தான். சின்ன வயதில் சொந்தக்காரர் தோட்டத்தில் ஒட்டுப்பாலைப் பிய்த்து இழுத்து விளையாடியவன் அவன்.

"இவ்வளவு இளக்கமா இருந்தா தேஞ்சு போகாதா மக்கா?"

"வெயிலுக்குத் தேஞ்சிரும் மாமா. அதனால பனிக்காலத்துக்கு மட்டும்தான். பங்குனியில கழட்டிருவோம்."

அவன் வாங்கியிருந்தது பழைய ஸ்மார்ட் ஃபோர்ட்டூ. இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார். நம் டாடா நானோ 3.1 மீட்டர் நீளம், இது 2.7 மீட்டர்கூட வராது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை நான்கு சக்கரத்திலும் பனிக்கால டயர் இல்லாமல் அங்குள்ள காரை ஓட்டக்கூடாது என்பது சட்டம். 2008-இல் அது வந்தபோது தொடக்க நாள் டிசம்பர் 15. 2019-இல் இரண்டு வாரம் முன்னுக்கு நகர்த்தினார்கள்.

கார் சின்னது, டயர் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்திருக்கிறான். நடந்தது வேறு. அந்தக் காருக்கு முன்சக்கரம் 155/60 R15, பின்சக்கரம் 175/55 R15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. R என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். என்ஜின் பின்னால் இருப்பதால் முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு. நானோவும் இப்படித்தான்: முன்னே 135, பின்னே 155. இம்மாதிரி அபூர்வ அளவுகளில் பனிக்கால டயர் போடும் கம்பெனிகள் கொஞ்சம்; பனி நெருங்கிவிட்டால் கடையில் இருப்பும் தீர்ந்துவிடும். இரண்டு மாதம் முன்பே தேடத் தொடங்கியதால் அவனுக்குக் கிடைத்தது.

பின்சக்கரம்தானே வண்டியைத் தள்ளுகிறது, பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பாரத்தைத் தாங்குவதும் முன்சக்கரம் என்றான். முன்னால் மட்டும் மாற்றினால் பின்பக்கம் சுழன்று வரும். நான்கும் ஒரே இனமாக இருக்க வேண்டும்.

போனை வைத்த பிறகும் அந்த நகத்தடம் மனதை விட்டுப் போகவில்லை. உறைபனியில் பிடிக்கிற டயர் எப்படி, யார் கையில் பிறந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. வெப்பநாட்டு மரத்தின் பாலை இன்றைய ரப்பராக ஆக்கியதே குளிர்தான்.

1830-களில் அமெரிக்காவில் ரப்பர் பூசிய காலணியும் கோட்டும் மும்முரமாக விற்றன. கோடையில் அவை உருகி நாற்றமெடுத்தன; குளிரில் கல்லாக விறைத்து வெடித்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூழ்கின. சார்லஸ் குட்இயர் என்ற மனிதர் கடன் சிறைக்குப் போய்வந்தும் இந்த ஒரே கேள்வியை விடவில்லை. 1839-இல், கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று சூடான அடுப்பில் பட்டது. உருகி ஓட வேண்டியது தோல்போல் பதமாக நின்றது. வெளியே குளிரில் போட்டுப் பார்த்தார் என்றும், காலையில் எடுத்தபோது அது வளைந்தது என்றும் சொல்வார்கள். 1844-இல் காப்புரிமை கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1860-இல் கடனோடுதான் இறந்தார்.

மரம் இங்கே வந்த கதையை இம்மாவட்டத்துப் பிள்ளைகள் பள்ளியில் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ஏறக்குறைய 2,700 மட்டுமே முளைத்தன. அந்த ஆண்டே கன்றுகளில் பெரும்பங்கு கப்பலேறி இலங்கைக்கு, கம்பகாவுக்குப் பக்கத்திலுள்ள ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 1902-இல் திருவிதாங்கூரில், பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டம் தொடங்கியது. 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேரும்வரை நாங்களும் திருவிதாங்கூர்ச் சீமைதான். இன்று தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம். அரசு ரப்பர் கழகமும் நாகர்கோவிலில்தான் இருக்கிறது.

டயருக்கு வருவோம். 1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்றுசக்கர சைக்கிள் அதிராமல் ஓட, காற்றடைத்த ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். அந்தக் காலத்து டயர் வழவழவென்று இருக்கும். 1904-இல் ஜெர்மனியின் கான்டினென்டல் கம்பெனிதான் கார் டயரில் முதன்முதலாக வெட்டுத்தடம் போட்டது. தேய்மானம் குறையக் கரித்தூள் கலந்தார்கள். டயர் கறுப்பானது அதனால்தான்.

இவை எதுவும் பனிக்கு ஆகவில்லை. பின்லாந்தில் குளிர்காலம் வந்தால் பனி மூடிய சாலையில் லாரி நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். நோக்கியா என்ற ஊரில் இருந்த சுவோமென் கும்மிதெக்தாஸ் ரப்பர் ஆலை 1934-இல் லாரிகளுக்காக ஒரு டயரைச் செய்தது. பெயர் கெலிரெங்காஸ், கெலி என்றால் சாலையின் பருவநிலை, ரெங்காஸ் என்றால் டயர். அதன் வெட்டுகள் நீளவாக்கில் ஓடாமல் ஏணிப்படிபோல் குறுக்கே நின்றன. ஒவ்வொரு படியும் பனியைக் கவ்வித் தள்ளியது. உலகின் முதல் பனிக்கால டயர் இதுதான். இரண்டு வருஷத்தில், 1936-இல், கார்களுக்கும் ஒன்று வந்தது: லூமி ஹக்கபெலீத்தா. லூமி என்றால் தரையில் கிடக்கும் பனி. ஹக்கபெலீத்தா, முப்பதாண்டுப் போரில் பெயர்பெற்ற பின்லாந்துக் குதிரைப்படையினர். ரப்பர் மரம் ஒன்றுகூட வளராத நாடு, கடல் தாண்டி வந்த ரப்பரை வைத்து இதைச் செய்தது.

இன்னும் ஒரு கத்தி வேலை உண்டு. அமெரிக்காவில் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் சைப் என்பவர், ஈரத்தரையில் வழுக்காமலிருக்கத் தன் காலணியின் அடியில் மெல்லிய கீறல்களைப் போட்டாராம். 1923-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பின்னால் டயர்காரர்கள் அந்த யோசனையை எடுத்துக்கொண்டார்கள். மருமகன் கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோனபோது பார்த்தேன்: டயரின் ஒவ்வொரு கட்டியிலும் நெளிநெளியாக, தலைமுடி கிடக்கிற மாதிரி கீறல்கள். தரையில் அழுந்தும்போது அவை விரிந்து, ஒவ்வொரு விளிம்பும் பனியில் ஊன்றுகிறது. கட்டியை விரலால் வளைத்துக் காட்டினான். புத்தகத்தின் தாள்போல் பிரிந்தது.

ஆனால் கீறல் விரிய வேண்டுமானால் ரப்பர் இளக்கமாக இருக்க வேண்டும். சாதாரண டயர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுக ஆரம்பிக்கும். மாண்ட்ரியலில் தை மாதம் மைனஸ் 20-ஐத் தொடும். மரத்துப்பால் ரப்பர் கண்ணாடிபோல் விறைத்துப்போக ஏறக்குறைய மைனஸ் 70 டிகிரி வேண்டும். அதனால்தான் பனிக்கால டயரில் மரத்து ரப்பரைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். கூடவே மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கா. வாழ்நாளில் உறைபனியே பார்க்காத, பட்டால் பட்டுப்போகிற மரம் அது. அதன் பால்தான் அந்தக் குளிரிலும் இளகி நிற்கிறது. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பால்வெட்டப் போகிற பெண்களும் ஆண்களும்தான் கண்ணுக்குள் வந்தார்கள். அந்த மரத்துக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. மார்கழி, தையில் இலை முழுக்க உதிர்ந்து மொட்டையாக நிற்கும், பால் குறையும், தளிர் வந்து முற்றும்வரை வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுப்பார்கள்.

நமக்குப் பனிக்கால டயர் வேண்டாம்; நம் சூட்டில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனியாடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. என் கார் ஆல்டோ, டயர் 145/80 R12. சின்ன வண்டிதானே, இன்னும் ஆறு மாதம் ஓடட்டும் என்று தேய்ந்த டயரோடு விட்டிருந்தேன். ஒரு கார்த்திகை மாலை, வழுக்கம்பாறைக்குப் பக்கத்தில், மழையில் பிரேக்கை மிதித்ததும் வண்டி நிற்கவில்லை; தண்ணீரின்மேல் மிதந்து போனது. எதிரே யாரும் வராததால் பிழைத்தேன். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது உள்ளங்கை அகலம்தான். அந்த இடத்திலிருந்து தண்ணீரை வெளியேற்ற வெட்டின் ஆழம் வேண்டும். வெட்டுக்குள் அங்கங்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள், 1.6 மில்லிமீட்டர் ஆழம் மிஞ்சும்போது அந்த மேடு டயர்ப்பரப்போடு சமமாகிவிடும். மழை ஊருக்கு அதுவரை காத்திருப்பதே தப்பு. பார்வைக்காக அளவை மீறிய அகல டயர் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. இலேசான காரின் பாரம் அகல டயரில் பரவிப்போனால், தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொட அழுத்தம் போதாது. பனியிலும் இதே கணக்குத்தான். குறுகிய டயர்தான் வெட்டிக்கொண்டு கீழே இறங்கும்.

கார்த்திகை கடைசியில் மறுபடியும் கூப்பிட்டான். டயர் நான்கும் மாட்டியாயிற்று. கழற்றிய கோடை டயர்களைப் பால்கனியில் அடுக்கி வைத்திருந்தான். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால், பங்குனியில் மாறிப்போகாமலிருக்கச் சாக்குக் கட்டியால் ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தான்: மு.இ., மு.வ., பி.இ., பி.வ. வெள்ளை எழுத்தின்மேல் பொடிப்பனி விழுந்துகொண்டிருந்தது.