ஹெரால்டு காரின் பூர்வோத்தரம்

வீடு வாங்கும்போது மூலப் பத்திரம் வரையில் தேடிப் படித்து, வில்லங்கம் உண்டா இல்லையா என்று விசாரித்த பிறகே அச்சாரம் கொடுக்கும் நம்மவர்கள், பழைய மோட்டார் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு ஓட்டவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் மட்டும், அதன் பெயிண்டைப் பார்த்தும் விலையைக் கேட்டுமே காரியத்தை முடித்துவிடுகிறார்கள். வண்டிக்கும் மூலப் பத்திரம் உண்டு; அது எந்தப் பட்டறையில், எந்த நிர்ப்பந்தத்தினால், எப்படிப் பிறந்தது என்னும் சரித்திரமே அது. சென்ற மாதம் தாம்பரத்துக்கு அருகே ஒரு வீட்டின் கொல்லையில், மாமரத்தடியில் பல ஆண்டுகளாக நின்றிருந்த நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றைக் காட்டி, "வாங்கலாமா, சார்?" என்று என் நண்பர் கேட்டபோது, அந்தச் சரித்திரத்தை நினைவுபடுத்திக்கொள்வது எனக்கு அவசியமாயிற்று. அந்தக் கார் பிறந்த இடமும் அங்கிருந்து சில மைல் தூரத்திலேதான் இருந்தது.

சென்னைப் பட்டணத்துக்கும் மோட்டாருக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. மௌண்ட் ரோடில் குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்ஸன் கம்பெனியார், 1903ஆம் ஆண்டிலேயே நீராவியால் ஓடும் வண்டி ஒன்றைச் செய்து காட்டினார்கள். சுதந்திரம் வந்த மறு வருஷம், அதாவது 1948இல், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஒத்துழைப்போடு சென்னையில் 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற ஸ்தாபனம் தோன்றியது. வண்டலூரை அடுத்து அதன் தொழிற்சாலை எழுந்தது. வான்கார்டு என்ற கார் முதலில் அங்கே பூட்டப்பட்டது.

பாகங்களைக் கப்பலில் வரவழைத்து இங்கே பூட்டி விற்பதோடு நின்றுவிடுகிறவர்களுக்கு இத்தொழிலில் இடமில்லை, படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் உடையவர்களே நிலைக்கலாம் என்ற கொள்கை 1953ஆம் ஆண்டு சுங்கவரிக் கமிஷனின் விசாரணையை ஒட்டி உறுதிப்பட்டதும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இத்தேசத்திலிருந்து விலகின. பிறகு கார் உற்பத்தியில் பிரதானமாக நின்றவை மூன்று: கல்கத்தாவுக்கு அருகே ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு.

ஹெரால்டின் விசேஷம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1950களில் உலகத்துக் கார்களில் பல சேஸிஸ் என்ற தனிச் சட்டத்தை விட்டு, உடற்கூடே சட்டமாகவும் அமையும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. கவெண்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியாரும் அப்படியே செய்திருப்பார்கள். ஆனால், அவர்களுக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.ஸி. வாங்கிவிட்டபடியால், முழுக்கூட்டை ஒரே இடத்தில் செய்துதர ஆள் இல்லாமல் போயிற்று. ஆகவே, காலத்துக்குப் பின்தங்கியது என்று பிறர் கைவிட்ட தனிச் சட்டத்தையே மீண்டும் மேற்கொண்டு, உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, போல்டு போட்டு முடுக்கினார்கள். இத்தாலியச் சித்திரக்காரர் ஜியோவானி மிகெலோட்டி அதற்கு வடிவம் கொடுத்தார். 1959இல் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் வெளிவந்த அந்த வண்டியின் பானெட், இரண்டு மட்கார்டுகளோடும் விளக்குகளோடும் சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு மெக்கானிக் எஞ்சினில் வேலை செய்யலாம். 25 அடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும்.

வண்டலூரில் 1961ஆம் ஆண்டு முதல் இதே வண்டி 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆயிற்று. 948 ஸி.ஸி. அளவுள்ள அதன் எஞ்சின், அதற்குமுன் அங்கே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு டென் காரின் வம்சத்தைச் சேர்ந்ததாகையால், தொழிலாளர்களுக்கு அது புதிதன்று. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரே 1963இல் கைவிடப்பட்டபின், அந்தப் பெயரைச் சென்னையே காப்பாற்றியது. பிற்பாடு நமது குடும்பங்களின் தேவையை உத்தேசித்து, வேறெந்த நாட்டிலும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை இங்கே உருவாக்கினார்கள். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் சக்கரங்கள் அகன்று சாய்கின்றன என்று பலர் அஞ்சிய அந்தப் பின் ஆக்ஸில் அமைப்பை நீக்கி, சாதாரண ஆக்ஸில் வைத்து, 1970களின் தொடக்கத்தில் 'கஸல்' என்ற காரைக் கொண்டுவந்தார்கள். அதுவும் சில வருஷங்களில் நின்றது. 1985இல் ரோவர் காரின் உடலும் வான்கார்டு காலத்து எஞ்சினின் வம்சமும் சேர்ந்து 'ஸ்டாண்டர்டு 2000' வெளிவந்து, விலைக்குத் தக்க மதிப்பைப் பெறாமல் தோற்றபின், 1988இல் தொழிற்சாலையின் கதவுகள் மூடப்பட்டன.

தாய் வீடு மூடப்பட்ட பின்னும் வண்டிகள் ஓடின. அவற்றை ஓடவைத்தவர்கள் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைக்காரர்களும், புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களும், லேத் பட்டறைக்காரர்களும், தகடு தட்டும் டிங்கர்களுமே. கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து கொடுப்பது, தேய்ந்த சிலிண்டரைப் போர் செய்து வேறு பிஸ்டனைப் பொருத்துவது, துருப்பிடித்த கதவுக்குப் புதுத் தகட்டைத் தட்டி வளைத்து ஒட்டவைப்பது ஆகிய இந்த வித்தைகளை யாரும் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. குருவின் பக்கத்தில் நின்று கையால் கற்றுக்கொண்டவை அவை. பழைய வண்டியின் ஆயுள் இந்தக் கைகளின் ஆயுளே என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு மாமரத்தடி வண்டியைப் பார்த்தோம். உடன் வந்த முதிய டிங்கர் ஒரு சிறு காந்தத்தைக் கதவுகளின் கீழ்ப்பகுதியில் ஒட்டிப் பார்த்தார்; இடது பின்கதவில் அது நிற்காமல் விழுந்தது. உள்ளே தகடு இல்லை, வெறும் பட்டிதான் என்று தெரிந்தது. பிறகு தரையில் சாக்கை விரித்துப் படுத்து, ஸ்குரூ டிரைவரால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார். பக்கத்துக் கைகள் இரண்டில் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவிலுள்ள இரண்டு நெடுஞ்சட்டங்களோ மணிபோல் ஒலித்தன. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "சட்டம் கெட்டியா இருக்கு சார், மத்ததெல்லாம் தகடுதான்."

அந்த வாக்கியத்தில் ஹெரால்டின் சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கவெண்ட்ரியில் நேர்ந்த நிர்ப்பந்தத்தினால் துண்டு துண்டாகப் பூட்டப்பட்ட வண்டியாதலால், ஒவ்வொரு துண்டாகக் கழற்றிச் செப்பனிட அது இடம் கொடுக்கிறது. எஞ்சினுக்கும் முன்பாகத்துக்கும் வேண்டிய பல உறுப்புகளை இங்கிலாந்தில் அபிமானிகளுக்காக இன்றும் செய்து விற்கிறார்கள். ஆனால், இந்த நாட்டிலேயே பிறந்த பின்கதவை அங்கே தேடிப் பயனில்லை. அது டிங்கரின் சுத்தியலிலிருந்துதான் வரவேண்டும்.

அடுத்தது காகிதம். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல உருவம் மாறாமல் உள்ள வண்டிகளுக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 ஆண்டுகளுக்குத் தனிப் பதிவு தரப்படுகிறது. அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் அவற்றை உபயோகிக்கலாகாது. சேஸிஸோ உடற்கூடோ எஞ்சினோ பெரிதும் மாற்றப்பட்டிருந்தால் அந்தச் சலுகை இல்லை. ஆகவே, வேறு வண்டியின் எஞ்சினைப் பொருத்திய ஹெரால்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை விட்டுவிடுவதே விவேகம். நண்பர் பார்த்த வண்டியில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருந்தன.

வாங்குங்கள் என்று சொன்னேன். ஆனால், மூன்றையும் பார்த்த பிறகே சொன்னேன்: சட்டம் கெட்டியாக இருக்கவேண்டும்; புத்தகம் சுத்தமாக இருக்கவேண்டும்; வேலை தெரிந்த ஒரு கை அருகில் இருக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்; அதன் கதவையும் கண்ணாடியையும் எதிர்பார்த்து வேறொரு ஹெரால்டு எங்கோ காத்திருக்கும், அதற்கு விட்டுவிடுங்கள். மூன்றும் பொருந்தி நீங்கள் வாங்குவீர்களாயின், வேலையைப் பட்டறையில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாமல், அந்த முதியவர் பக்கத்தில் ஓர் இளைஞனை நிறுத்திக் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள்.