எட்டயபுரம் பாரதி வாசகசாலையும் மணிமண்டபமும்

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ள எட்டயபுரத்தில் பாரதியார் பெயரால் இயங்கிய வாசகசாலையும், அதற்குக் கட்டடம் வேண்டி எழுந்த முயற்சியின் விளைவாக உருவான நினைவு மண்டபமும். மண்டபத்துக்கு 1945இல் கால்கோள் இடப்பட்டது. 1947 அக்டோபர் 13 அன்று திறப்பு விழா நடந்தது. ஒரு சிற்றூர் வாசகசாலையின் ஆண்டு விழா தமிழகம் தழுவிய நிதி திரட்டலாக வளர்ந்ததற்கு இது முதன்மையான எடுத்துக்காட்டு.

ஊரும் சமஸ்தானமும்

இளசை என்றும் வழங்கும் எட்டயபுரம், கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஜமீன் தலைநகர். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிப் பூமி இது. மழை பெய்தால் மண் பொங்கிக் குழையும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆற்றுப் பாசனம் இல்லாத இந்த வட்டாரத்தில் புலவர்களும் இசைவாணர்களும் நெடுங்காலம் அரண்மனையை அண்டியே வாழ்ந்தனர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலம் இங்குள்ளது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் இவ்வூரில் மறைந்தார். அவருடைய சமாதியும் இங்கேதான்.

அச்சுத் தொழிலும் இவ்வூருக்கு முன்னரே வந்துவிட்டது. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் அச்சாயிற்று. தெலுங்கு எழுத்தில் அமைந்த அந்த நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டுவது. கமகங்களைக் காட்டத் தனிக் குறியீடுகள் வகுத்து, அவற்றை ஸ்வரங்களோடு சேர்த்து அச்சிட வேண்டியிருந்தது. பெருநகர அச்சகங்களே தயங்கக்கூடிய அந்த வேலை, புழுதி பறக்கும் இந்த ஊரில் முடிந்தது. செலவை ஏற்றது சமஸ்தானம்.

பாரதியார் (1882–1921) பிறந்தது இந்தச் சூழலில். தந்தை சின்னசாமி ஐயர் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். பருத்தி ஆலை ஒன்றைத் தொடங்கி நொடித்துப்போனவர். சுப்பிரமணியம் என்ற இயற்பெயருடைய பாரதியாருக்கு ‘பாரதி’ என்னும் பட்டம் எட்டயபுரத்தில் கிடைத்தது. அவருடைய பதினோராம் வயதில், 1893இல், அது வழங்கப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. படிப்பைத் தொடர உதவி கேட்டு 1897இல் அவர் எட்டயபுரம் மன்னருக்குச் செய்யுள் வடிவில் விண்ணப்பம் எழுதினார். பிற்காலத்தில் ‘சின்னச் சங்கரன் கதை’யில் ஜமீன் வாழ்க்கையை அவர் எள்ளிநகையாடியிருப்பது எட்டயபுரத்தை மனத்தில் வைத்தே என்று ஆய்வாளர் பலர் கொள்வர்.

வாசகசாலையும் கல்கியின் வேண்டுகோளும்

தேசிய இயக்கம் பரவிய காலத்தில் தமிழகத்துச் சிற்றூர்களில் இளைஞர்கள் கூடி வாசகசாலைகள் நடத்துவது வழக்கமாயிற்று. ஒரு திண்ணை அல்லது வாடகை அறை, இரண்டு பெஞ்சு, நாளிதழ், நன்கொடையாக வந்த புத்தகங்கள்: பெரும்பாலானவற்றின் சொத்து இவ்வளவுதான். எழுத்தறியாதவர்கள் கேட்பதற்காக ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பதும் உண்டு. எட்டயபுரம் வாசகசாலையும் இந்த வகையைச் சேர்ந்ததே.

1944ஆம் ஆண்டளவில் அதன் ஆண்டு விழாவுக்குச் சொற்பொழிவாளராக எழுத்தாளர் கல்கி வந்தார் என்றும், பாரதி பிறந்த ஊரில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையக் கட்டடமாவது எழுப்ப உதவ வேண்டும் என்று ஊரார் அவரிடம் கேட்டுக்கொண்டனர் என்றும் கல்கியின் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுவர். சென்னை திரும்பிய கல்கி, தம் வார இதழில் வாசகர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். ‘கல்கி’ இதழ் தொடங்கி (1941) சில ஆண்டுகளே ஆகியிருந்தன, போர்க்காலம், காகிதத் தட்டுப்பாடும் உணவுத் தட்டுப்பாடும் நிலவிய நேரம். இருந்தும் தொகை சேர்ந்தது. நூல்நிலையம் என்ற எண்ணம் நினைவு மண்டபமாக விரிந்தது இப்படித்தான்.

இந்த விரிவைப் பற்றி இரு வேறு பார்வைகள் உண்டு. வாசகசாலைக்கு வேண்டியது வாசிக்கும் இடமும் நூல்களுமே, மண்டபம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது ஒன்று. நாடறிந்த நினைவுச்சின்னமாக ஆனதால்தான் அந்த முயற்சி நிலைத்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கலாம். எவ்வாறாயினும், அதுவரை அரண்மனைக் கொடையில் நடந்துவந்த ஓர் ஊரில் பொதுமக்களின் நன்கொடையால் ஒரு பண்பாட்டு நிறுவனம் எழுந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கால்கோளும் திறப்பும்: 1945–1947

1945 ஜூன் 3 அன்று இராஜாஜி அடிக்கல் நாட்டினார். கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே மண்டபத்தை வடிவமைத்தார். கரிசலில் கட்டடம் கட்டுவோர் மேல்மண்ணை நம்புவதில்லை. ஈரத்துக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண் என்பதால், கடினத் தரை தட்டும்வரை கடைக்கால் தோண்டுவர்.

இப்பணிக்குக் காந்தியடிகள் அனுப்பிய வாழ்த்து, மண்டப வரலாற்றில் தனியே குறிப்பிடத்தக்கது. அவர் அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதவில்லை; தம் கையால் தமிழில் எழுதி, தமிழிலேயே ஒப்பமிட்டார். தென்னாப்பிரிக்காவில் தமிழ்த் தொழிலாளர்களிடையே பணியாற்றியபோது முயன்று கற்ற தமிழ் அது. ஒரே ஒரு சிறு வாக்கியம்தான். எழுத்தைப் பழகும் பிள்ளையின் கவனத்தோடு ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே நிற்கிறது. அதன் படியைக் காண்போர் சற்று நேரம் நின்றே நகர்வர்.

நாடு விடுதலை பெற்ற இரண்டு மாதங்களுக்குள், 1947 அக்டோபர் 13இல், திறப்பு விழா நடந்தது. அப்போது மேற்கு வங்காள ஆளுநராக இருந்த இராஜாஜி வந்து திறந்துவைத்தார். விழாவில் பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப. ஜீவானந்தம் பேசியது பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அவர் பெயர் நிகழ்ச்சி நிரலில் இல்லை, கூட்டத்தினர் வற்புறுத்தியதால் சில நிமிடம் தரப்பட்டது என்பர். எவ்வளவு நேரம் பேசினார் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வர். பாரதியின் பாடல்கள் தனியார் சொத்தாக இருக்கலாகாது, மக்களுக்கு உரியவையாக வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம்.

பாடல்களின் விடுதலை

அக்காலத்தில் பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 1947இல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படம் வழியே டி.கே. பட்டம்மாள் குரலில் அப்பாடல்கள் தமிழகமெங்கும் ஒலித்தன. மறுபுறம், டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. 1948இல் பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. நாரண துரைக்கண்ணன், டி.கே. சண்முகம் முதலியோர் திருநெல்வேலிக்குச் சென்று பாரதியின் மனைவி செல்லம்மா பாரதியைச் சந்தித்து ஒப்புதல் பெற்றனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றது. பின்னர் அப்படைப்புகள் பொதுவுடைமையாயின. எழுத்தாளர் ஒருவரின் படைப்புரிமையை அரசு பெற்று மக்களுக்கு அளித்ததற்கு உலகிலேயே இது முதல் நிகழ்வாகலாம் என ஆய்வாளர் கருதுவர்.

பொது நூலகச் சட்டம்

ஓமந்தூராரின் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில்தான் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமும் நிறைவேறியது. இதற்கு அடிகோலியவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். சொத்து வரியோடு நூலக வரி தண்டி, அதைக் கொண்டு மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு நடத்த இச்சட்டம் வகை செய்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இச்சட்டத்தின் வழியே பின்னாளில் ஏற்பட்டன. தொடக்கத்தில் திருநெல்வேலி மாவட்டத்தின் கீழ் இருந்த இவை, 1986இல் மாவட்டம் பிரிந்தபின் தூத்துக்குடிக்கு மாறின.

பிற்காலம்

பாரதி பிறந்த இல்லம் 1973இல் அரசு நினைவில்லமாயிற்று. எழுத்தாளரும் பாரதி ஆய்வாளருமான தொ.மு.சி. ரகுநாதன் (1923–2001) வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் எட்டயபுரத்துக்கு வந்து, ‘ரகுநாதன் நூலகம்’ என்ற பெயரில் பாரதி ஆய்வு மையமாயின. உள்ளூர் ஆய்வாளர் இளசை மணியன் இதற்குத் துணைநின்றார். பாரதியியலில் ஈடுபடுவோருக்கு மண்டபத்தைக் காட்டிலும் இந்த நூலகமே கூடுதலாகப் பயன்படுவது எனலாம்.

சுற்றுவட்டார ஊர்கள் தமிழுக்குத் தந்த எழுத்தாளர்கள் பலர். இடைசெவலின் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன், கோவில்பட்டிப் பகுதியின் பூமணி, சோ. தர்மன் ஆகிய நால்வரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். அவர்களுள் அழகிரிசாமிக்கு விருது பெற்றுத் தந்த தொகுப்பின் தலைப்புக் கதையான ‘அன்பளிப்பு’, புத்தகங்களுக்காக ஏங்கும் குழந்தைகளைப் பற்றியது.

ஆண்டுதோறும் பாரதி பிறந்த நாளான டிசம்பர் 11 அன்று, முண்டாசு கட்டி மீசை வரைந்த பள்ளிப் பிள்ளைகள் பங்கேற்கும் விழா எட்டயபுரத்தில் நடைபெறுகிறது. பாரதி இறந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து என்பதால் நினைவு நாளை 12 எனக் கொள்வாரும் உண்டு; 2021இல் தமிழக அரசு செப்டம்பர் 11ஆம் நாளை மகாகவி நாளாக அறிவித்தது. 2022இல் கோவில்பட்டியில் கி.ரா. நினைவரங்கம் திறக்கப்பட்டது. 2025 மார்ச்சில் பாரதி இல்லத்தின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இல்லத்தைப் பேணும் கடமை அரசுடையது. வாசகசாலையோ மக்கள் கேட்டுப் பெற்றது, மக்கள் பணத்தில் வளர்ந்தது. அதை உயிரோடு வைத்திருக்க, அங்கே சென்று படிப்பவர்கள் வேண்டும்.